பெயர் எழுதிய பார்சல்

பார்சல் சூடாக இருந்தது. ஜாக்கெட்டின் உட்பையில் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. விக்டோரியா வீதியில் பனி முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. நடைபாதையில் ஓர் ஆள் போகக்கூடிய ஒற்றைத் தடம் மட்டும் இருந்தது. நான் அதில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் அவன் கூப்பிடுவது கேட்டது.

"கூயா! நில்லுங்கோ கூயா! நீங்கள் முடிவைக் கேக்கேல்லையே!"

ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஜாக்கெட் போடாமல், வீட்டுச் செருப்போடு, கையில் அந்தக் காகிதங்களோடு தெருமுனையில் நின்றான். நத்தார், கிறிஸ்மஸ் தினம். பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். வெளிச்சம் அதற்குள் போகத் தொடங்கியிருந்தது. நான் கை காட்டவில்லை. வான் ஹோர்ன் வீதியில் கிழக்கே திரும்பினேன்.

நானும் அவனும் பேசிக்கொண்டது உடைந்த ஆங்கிலத்தில். உடைசல் என்னுடையது, அவன் நன்றாகவே பேசுவான். அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன், வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. 'கூயா' மட்டும் அவனுடைய சொல். பிலிப்பினோக்கள் மூத்த சகோதரனை அப்படிக் கூப்பிடுவார்கள். நாங்கள் 'அண்ணை' என்பதுபோலத்தான். அவனுக்கு எழுத்தாளன் என்று பட்டம் வைத்தவர், எங்களை வேலைக்கு ஏற்றி இறக்கும் ஏஜென்சி வானின் சாரதி. மன்னாரைச் சேர்ந்தவர் என்பதால் அவரை எல்லோரும் மன்னார் அண்ணை என்போம். "அங்கை பார், எழுத்தாளர் வாறார். கதவைத் திற, இல்லாட்டி எங்களைப் பற்றியும் எழுதிப் போடுவார்," என்பார். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தெரிந்து, ஏறும்போது அவருக்குத் தலையைக் குனிந்து வணக்கம் வைப்பான்.

இது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. எனக்கு முப்பத்துநாலு வயது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல் விழுந்தது. அதைத் திருத்தித் திறந்தபோது நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். அதன்பிறகு கொழும்பில் லொட்ஜ், பாங்கொக்கில் ஒரு அறைக்குள் பதினாறு பேர், ஜெர்மனியில் முகாம், கனடாவில் ரொறன்ரோ, தக்காளிப் பண்ணை, கோழி வெட்டும் ஃபாக்டரி. எந்த இடத்திலும் இரண்டு பனிக்காலம் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை. ஏதோ ஒரு நாள் காலையில் பையைத் தூக்கிவிடுவேன். "உனக்குக் காலிலை சில்லுப் பூட்டியிருக்கடா," என்று மன்னார் அண்ணை சொன்னது சரிதான், சக்கரம் வைத்த கால்தான்.

மாசி மாதத்தில் மொன்ட்ரியலுக்கு வந்தேன். இரவு பஸ்ஸில் ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கி, அன்று காலையே மன்னார் அண்ணையின் வானில் ஏறி, சென்ட் லோரன்டில் ஷாம்பூப் போத்தல் அடைக்கும் ஃபாக்டரிக்குப் போனேன். முந்தைய நாள் காலையில் சாப்பிட்டது. மதிய இடைவேளையில் கன்டீனில் எல்லோரும் டப்பாக்களைத் திறந்தார்கள். நான் தண்ணீர்க் குழாயடியில் நின்று குடித்துக்கொண்டிருந்தேன். என்னுடைய லைனில் எதிர்ப்பக்கம் மூடி திருகிக்கொண்டிருந்த பிலிப்பினோப் பெடியன் ஒருவன் அந்த வழியால் வந்து மேசையில் அமர்ந்தான். டப்பாவைத் திறந்தான். சோறு, மேலே ஒரு முட்டைப் பொரியல், பக்கத்தில் கறுப்பாக மினுங்கும் பன்றி இறைச்சி. என்னை நிமிர்ந்து பார்த்து, "வாங்கோ, சாப்பிடுவம்," என்றான்.

நான் போய் இருந்தேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு முள்ளுக்கரண்டியை என் பக்கம் நீட்டினான். பாதிக்கு மேல் நான்தான் சாப்பிட்டேன். வினாகிரி புளிப்பும் வெள்ளைப்பூண்டும் சேர்ந்த அந்த இறைச்சி எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். பசியில் எல்லாம் ஒரே ருசிதான். அவன் மூடியில் கொஞ்சம் சோற்றை எடுத்து வைத்துக் கையால் சாப்பிட்டான். மறுநாள் அவன் கொண்டுவந்த டப்பா பெரியதாக இருந்தது. உள்ளே இரண்டு முள்ளுக்கரண்டிகள் இருந்தன. இவர்களுடைய வழக்கம் இது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கிழமையில் நானும் சமைத்துக் கொண்டுவரத் தொடங்கினேன். அன்றிலிருந்து இரண்டு டப்பாக்களையும் நடுவில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.

அவனுக்கு இருபத்துநாலு வயது. அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அம்மா கனடாவுக்கு வந்துவிட்டார். பணக்கார வீடுகளில் தங்கி அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்து வளர்த்தார். தன்னுடைய பிள்ளையை இங்கே எடுப்பதற்குள் அவன் பதினேழு வயது ஆளாகிவிட்டான். "விமான நிலையத்திலை அம்மா என்னைத் தாண்டிப் போயிட்டா. நான்தான் அவவைக் கூப்பிட்டனான்," என்று ஒருமுறை சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். கல்லூரிக்குப் போய் இடையில் விட்டுவிட்டான். எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் அவனுக்கு இருந்தது. இணையத்தில் ஒரு வலைப்பதிவு வைத்திருந்தான். எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேட்டேன். "மணிலாவிலை என்ரை மச்சாள்மார் நாலு பேர். இங்கை அம்மா. அம்மா வாசிக்கிறேல்லை, ஆனால் நல்லாயிருக்கு எண்டு சொல்லுவா."

சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை. முடிந்ததும் சாப்பிடப் போவோம். ஒரு சனி அவனுடைய முறை, அடுத்த சனி என்னுடையது. விக்டோரியா வீதியில் பிலிப்பினோச் சாப்பாட்டுக்கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக்குள் பத்துப் பன்னிரண்டு தட்டங்கள் வைத்திருப்பார்கள். விரலால் காட்டினால் போதும், மொழி வேண்டியதில்லை. அங்கேதான் மீனைப் பழப்புளியில் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பைக் குடித்தேன். முதல் வாயிலேயே நிறுத்திவிட்டேன். "என்ன, பிடிக்கேல்லையோ?" என்றான். பிடித்திருந்தது. பழப்புளியை அந்த இடத்தில் நான் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதை அவனுக்குச் சொல்லவில்லை.

என்னுடைய முறை வந்தால் கொத்துரொட்டிக்கு அழைத்துப் போவேன். தட்டையான கல்லின் மேல் இரண்டு தகடுகளும் டக்குடக்கென்று அடிக்கும் சத்தத்தைக் கேட்டு, சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கொப்பியை எடுப்பான். அவன் எழுதும்போது முகம் இறுகிவிடும். வாய் மட்டும் மெல்ல அசையும். "இதிலை எழுத என்னடாப்பா இருக்கு? ஆறப்போகுது, சாப்பிடு," என்பேன்.

"கூயா, நீங்கள் சாப்பிடுறதை மட்டும்தான் நான் எழுதேலும். மிச்சம் ஒண்டையும் நீங்கள் சொல்ல மாட்டியளே."

அது உண்மை. என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அவன் கேட்டுவிட்டான். அம்மா எங்கே, ஏன் கல்யாணம் செய்யவில்லை, ரொறன்ரோவை ஏன் விட்டு வந்தீர்கள். நான் கோழியின் காலைக் கடித்துக்கொண்டு வெளியே பார்ப்பேன். அவன் கொஞ்சம் காத்திருந்து பேச்சை மாற்றிவிடுவான்.

அவர்களுடைய வீட்டுக்கு முதலில் போனது ஒக்டோபரில், அவனுடைய அம்மாவின் பிறந்தநாளுக்கு. மாடியில் இரண்டு அறை வீடு. அதற்குள் முப்பது பேர். நான் நேரத்தோடு போய்விட்டேன். தமிழர் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு நேரத்தோடு போனால் சமையல்கூடத் தொடங்கியிருக்காது. அங்கே எல்லாம் தயாராக இருந்தது. அம்மா மேசைக்கு எதையும் கொண்டுவராமல் குசினியில் நின்று, பொரித்த பன்றி இறைச்சியின் மொறுமொறுப்பான தோலை வெட்டி வெட்டி அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பார்சலிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பேனையால் ஏதோ எழுதி, அடுப்புக்கு மேலே தட்டில் அடுக்கினார். விருந்து தொடங்க முன்பே ஏன் பார்சல் என்று கேட்டேன்.

"அது வீட்டு ஆக்களுக்கு. நாளைக்கு வேலைக்குக் கொண்டு போக," என்றான் எழுத்தாளன். "எனக்கு ஒண்டு, அம்மாவுக்கு ஒண்டு, ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற மச்சாளுக்கு ஒண்டு. செபம் சொல்ல முன்னமே எடுத்து வைச்சிடுவா. மேசைக்குப் போனால் தோல் ஐஞ்சு நிமிசம் நிக்காது. என்ரை மாமாமார் சுறா மாதிரி."

"அப்ப வந்த ஆக்களுக்கு?"

"அவைக்கும் உண்டு. எல்லாம் முடிய, மிஞ்சினதைச் சுத்திக் குடுப்பம். அதிலை பேர் இருக்காது. எது கைக்கு வருதோ அது."

அன்று போகும்போது எனக்கும் ஒரு பார்சல் கிடைத்தது. பெயரில்லாதது. நூடில்ஸும் இரண்டு ரோலும் இருந்தன. மறுநாள் சாப்பிட்டேன். நல்லாயிருந்தது.

கார்த்திகை முடிவில் ஃபாக்டரி சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, தை மாதத்திலிருந்து நிரந்தரமாக நிற்கிறாயா என்று கேட்டார். ஏஜென்சி இல்லை, நேரே கம்பெனியில். விடுமுறைக்கு முந்தைய நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்படி முன்பும் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். கேட்ட கிழமையிலேயே நான் போய்விட்டேன். இந்தமுறை பத்து நாள் யோசித்தேன். பிறகு லொக்கர் அறையில் சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தபோது எழுத்தாளனிடம், "நான் நிக்கிறன்," என்றேன். அவன் ஒரு காலில் சப்பாத்தோடு என்னைக் கட்டிப்பிடித்தான். வானில் இதைக் கேட்ட மன்னார் அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்து, "டேய், சில்லைக் கழட்டிப் போட்டியோ? எந்தப் பெட்டை?" என்றார். பெட்டை இல்லை என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார். இந்த ஊரில் மதியம் என்னோடு சாப்பிட ஒருவன் இருக்கிறான், அதற்காக நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

நத்தார் அன்று மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவடியில் முப்பது சோடிச் சப்பாத்து, கீழே உருகிய பனித் தண்ணீர். கேக் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு பாதிக்கு வந்துவிட்டது. பன்றித் தோல் இருந்த தட்டில் எண்ணெய் மட்டும்தான் மிச்சம். சுறாமாமா ஒருவர் விரலைச் சூப்பிக்கொண்டு, "பிந்தியிட்டீர்," என்றார். அதன்பிறகு பாட்டு, பரிசுச் சீட்டு. அதற்குப் பிறகு ஒரு மச்சாள் எழுந்து, எங்கள் வீட்டு எழுத்தாளர் இந்த வருடம் எழுதியதில் ஒன்றை வாசிக்க வேண்டும் என்றாள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே அச்செடுத்த காகிதங்களைக் கொண்டுவந்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஆங்கிலத்தில் இருந்தது. அவன் எனக்காக மெதுவாக வாசித்தான் என்று நினைக்கிறேன். எனக்கு முக்கால்வாசி விளங்கியது. மாசி மாதம், கன்டீன், தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் ஒரு மெலிந்த மனிதன். பிலிப்பினோ ஒருவன் சாப்பிடும்போது பக்கத்தில் வருபவரிடம் "வாங்கோ, சாப்பிடுவம்" என்று சொல்வது வழக்கம். அது வணக்கம் மாதிரி. "நன்றி, வயிறு நிறைஞ்சிருக்கு," என்று மற்றவர் சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த மனிதன் மட்டும் வந்து இருந்தான். முள்ளுக்கரண்டியை வாங்கினான். 'நான் என் சோறு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,' என்று வாசித்தான். முட்டை போனது. இறைச்சி போனது.

வீடு அதிரச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. இன்று நினைத்தால் அது தெரிகிறது. ஒரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, சோற்றுத் தட்டத்தை அப்படியே தூக்கி என் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ! இண்டைக்கு எங்களிட்டை நிறையச் சோறு இருக்கு!" மறுபடியும் சிரிப்பு.

பட்டினி கிடந்ததில் எனக்கு வெட்கமில்லை. பட்டினி கிடந்த ஆட்கள் நாட்டில் நிறையப் பேர். ஆனால் எங்கள் பக்கத்திலும் முதல் தரம் கேட்டவுடன் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். "இல்லை, இப்பதான் சாப்பிட்டனான்," என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கேட்டாலும் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம்தான் இருக்கலாம். இதைச் சின்ன வயதிலேயே அடித்துப் பழக்குவார்கள். அன்று அந்தக் கன்டீனில் ஒருதரம் கேட்டதும் ஓடிப்போய் இருந்தவன் நான். பத்து மாதமாக அது ஒருவருக்கும் தெரியாது என்றிருந்தேன். அவன் கேட்டதே சும்மா மரியாதைக்கு என்றும் எனக்குத் தெரியாது. அவன் கொடுத்த சாப்பாட்டை அல்ல, நான் பறித்த சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்று அந்த மேசையில்தான் விளங்கியது. அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். நான் எழுந்தேன்.

கோபித்துக்கொண்டு வெளியேற இந்த ஊர்ப் பனிக்காலம் வசதியில்லை. முப்பது சோடிக்குள் உன்னுடைய சப்பாத்தைத் தேட வேண்டும், நாடா கட்ட வேண்டும், கழுத்துத்துண்டு சுற்ற வேண்டும். நான் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வாசிப்பு நின்றுவிட்டது. அவனுடைய அம்மா குசினியிலிருந்து வந்தார். ஒரு பார்சலை என் ஜாக்கெட்டின் உட்பையில் வைத்து, பிள்ளைக்குப் போடுவதுபோல ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். "வேண்டாம்," என்றேன். அவர் ஸிப்பின் மேல் ஒருதரம் தட்டினார். மிஞ்சியதில் ஒரு பங்கு எனக்கு, இப்போதும்கூட, என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்க்கவில்லை.

வான் ஹோர்ன் வீதி முழுவதும் மூடிய கடைகள். மூலையில் ஒரு டெப்பனர், இந்த ஊர்ப் பெட்டிக்கடை, மட்டும் திறந்திருந்தது. அதன் வெளியே இருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து மன்னார் அண்ணையைக் கூப்பிட்டேன். பின்னால் சின்னப்பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"அண்ணை, நாளைக்கு வேறை எங்கையாவது வேலை இருக்கோ?"

"நத்தார் அண்டைக்கு வேலை கேட்டு ஃபோன் அடிக்கிறவன் உலகத்திலை நீ ஒருத்தன்தான்ரா. உனக்கு என்ன, ஃபாக்டரி லீவுதானே? படு."

"சென்ட் லோரன்டுக்கு நான் இனிப் போகேல்லை."

"என்னடா நடந்தது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையாம். சரி, புவாண்ட்-கிளேரிலை ஒரு வெயர்ஹவுசுக்கு ஆள் கேட்டவங்கள். காலமை ஆறு மணிக்கு பார்க் மெட்ரோவடியிலை நில். சாப்பிட்டனியோ?"

"ஓம்," என்றேன்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுத்தாளன் இரண்டுமுறை நான் இருந்த நிலக்கீழ் அறைக்குத் தேடி வந்ததாக அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டாம் முறை கடிதம் ஒன்றை வைத்துவிட்டுப் போனானாம்; அது எங்கேயோ தவறிவிட்டது. அவனைப் போய்ப் பார்க்க ஒரு பஸ் போதும். நான் சித்திரையில்தான் போனேன். பனி உருகி வீதியெல்லாம் சேறாக இருந்தது. கதவைத் திறந்தவர் வேறு யாரோ. அவர்கள் மேற்கே போய்விட்டார்கள், அம்மாவின் தங்கை அங்கே இருக்கிறார் என்றார். எந்த நகரம் என்று அவருக்குத் தெரியவில்லை. வலைப்பதிவின் பெயரை நான் ஒருநாளும் கேட்டு வைத்திருக்கவில்லை. இப்போது மொன்ட்ரியலுக்குப் பக்கத்தில், லவாலில் இருக்கிறேன். இரண்டல்ல, பல பனிக்காலங்களாக ஒரே கதவைத் திறந்து மூடுகிறேன். சில்லுத் தேய்ந்துவிட்டது. எங்கேயாவது பிலிப்பினோச் சாப்பாட்டுக்கடையைக் கண்டால் உள்ளே போய், பழப்புளி சூப்பைக் காட்டுவேன். தனியாக இருந்து குடிப்பேன். அந்தக் கட்டுரையின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு முள்ளுக்கரண்டிகளோடு வந்த அந்தப் பெரிய டப்பாவில் அது முடிந்திருக்கலாம் என்று சில நாட்களில் நினைப்பேன்.

இனி அந்த மறுநாள் மட்டும்தான் சொல்ல இருக்கிறது.

புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுசில் எனக்கு ஒரு அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டச் சொன்னார்கள். ஏஜென்சி ஆட்களுக்குப் பெயர் அட்டை இல்லை. 'விருந்தினர்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. வாங்கியவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பொருட்கள் அங்கே மலைபோலக் கிடந்தன. ஒவ்வொரு பெட்டியையும் எடுத்து, ஆள் பிரித்திருக்கிறானா இல்லையா என்று பார்க்க வேண்டும். பிரித்தது இடப்பக்கம், பிரிக்காதது வலப்பக்கம். படிப்பே தேவையில்லாத வேலை.

மதியம் கன்டீனில் ஒரு மூலை மேசையில் இருந்தேன். நான் ஒன்றும் சமைத்துக் கொண்டுவரவில்லை. ஜாக்கெட்டில் கை வைத்தபோதுதான் பார்சல் நினைவுக்கு வந்தது. இரவு முழுவதும் ஜாக்கெட்டோடு குளிரில் கதவுக் கொழுவியில் தொங்கியிருக்கிறது. எடுத்து மேசையில் வைத்தேன். அலுமினியத் தாளின் மேல் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. டேப்பில் பேனையால் நாலு எழுத்து. ஆங்கிலத்தில் நான் தடுமாறாமல் வாசிக்கக்கூடிய சொற்கள் குறைவு. அதை வாசித்தேன். கூயா.

தாளைப் பிரித்தேன். சோறு. அதன் மேல், நான் போய்ச் சேர முன்பே மேசையில் முடிந்துபோயிருந்த பன்றித் தோல், ஆறு துண்டுகள், நல்ல இடமாகப் பார்த்து வெட்டியது. செபம் சொல்ல முன்பு வெட்டியது.

என்னைப்போலவே அன்று புதிதாக வந்த ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, சில்லறை போட்டால் பிஸ்கட் விழும் இயந்திரத்தின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வாங்கவில்லை. என் மேசையைக் கடந்து போனபோது, "வாங்கோ, சாப்பிடுவம்," என்றேன். அவர் கையை வயிற்றில் வைத்து, நன்றி, வயிறு நிறைந்திருக்கிறது என்றார். இரண்டாம் தரம் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தோல் குளிரில் இறுகியிருந்தது. கடித்தபோது சத்தம் கேட்டது. ஆறு துண்டையும் சாப்பிட்டேன், சோற்றையும் மிச்சம் வைக்கவில்லை. டேப்பைக் கிழியாமல் உரித்து, கழுத்தில் தொங்கிய அட்டையின் பின்புறம் ஒட்டினேன். மணி அடித்தது. திரும்பிப் போய் என் இடத்தில் நின்று அடுத்த பெட்டியை எடுத்தேன். அது பிரிக்காதது. வலப்பக்கம் வைத்தேன்.